மீன்சுருட்டி வாசல் நிலையைப் பெயர்க்க வேண்டாம்

பெரம்பலூர்,
புதன்கிழமை

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி காசிநாதன் அவர்களுக்கு, பெரம்பலூர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் செல்லப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மனைவி கண்ணகியும் மகள் மணிமொழியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மா ஜெயசுதாவும் மாப்பிள்ளை சரத்குமாரும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, தங்கள் வீட்டு வாசல் நிலை நலமாக இருக்க வேண்டும். கொத்தனார் வந்திருந்தால் அவர் கையில் உள்ள கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மேலே படிக்கவும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் போனை நம்பி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது செய்த காரியம் அப்படி. அதனால்தான் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வனிடம் கடிதத்தைக் கொடுத்து, அரியலூரில் பஸ் மாறி நாளைக் காலையில் மீன்சுருட்டிக்கு வந்து உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மணிமொழி, தான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில் வைத்தாள். தங்கள் வாசல் தெற்கு பார்த்தது, நிலையைப் பெயர்த்துக் கிழக்கே வைத்தால்தான் கல்யாணம் என்று நான் தங்களிடம் சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் நானே சனியைப் பிடித்துக் காட்டினால் கோபம் தணியுமே என்று, வானத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்து, போனைக் கவரோடு டெலஸ்கோப் குழாய் மேல் வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். போன் எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம் குழாயைத் திருப்ப வேண்டியதுதான். அது இதுதான் கிழக்கு என்று சொல்லி, வடக்கே திருப்பியது. என் வீட்டு வடக்கு எனக்குத் தெரியாதா? ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதியவன் நான். ஆனாலும் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போன் சொல்லும்போது நாம் யார் மறுத்துப் பேச? குழாயில் கண்ணை வைத்தேன். நட்ட நடுவில் சிவப்பாக ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. எதிர் வீட்டுப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சனி கண்ணு சிமிட்றாருங்க, என்னைத்தான் பாக்குறாரு போலருக்கு" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் மணிமொழி மேலே வந்தாள். "எதுக்குப்பா செல்போன் டவரப் பாத்துகிட்டு இருக்கீங்க? சனி கிழக்குலதான வருது" என்றாள். போன் கவரின் மூடியில் காந்தம் இருக்கிறதாம். போதாததற்கு, மாடியில் இன்னொரு ரூம் எடுக்க நான் நீட்டி விட்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே டெலஸ்கோப்பை நகர்த்தி வைத்திருந்தேனாம். காந்தமும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் போனுக்குள் இருக்கும் திசைகாட்டிக்குத் தலைகால் புரியாதாம். அவள் கவரைக் கழற்றி, கம்பியை விட்டுத் தள்ளிப் போய், சாமிக்குச் சூடம் காட்டுவது போலப் போனை எட்டு வடிவத்தில் ஆட்டினாள். வடக்கு வடக்காயிற்று. குழாயைத் திருப்பியதும் வளையத்தோடு சனி பளிச்சென்று நின்றார். ஆனால் நான் எங்கே பார்த்தேன்? எனக்குத் தங்கள் வாசல்தான் கண்ணில் நின்றது. அன்று இதே போனை, இதே கவரோடு, தங்கள் இரும்பு கேட் மேல் வைத்துத்தானே திசை பார்த்தேன்? வடக்கைக் கிழக்கு என்று சொன்ன போன், எதைத் தெற்கு என்று சொல்லியிருக்கும்? கிழக்கைத்தான். பாவி, நல்ல கிழக்குப் பார்த்த வாசலை இடிக்கச் சொல்லி, பெற்ற பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேனே சம்பந்தி.

ஆகவே, பூரண சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் இதனால் நான் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி வாசல் கிழக்குப் பார்த்த வாசலே. அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு ஆட்சேபணையும் இல்லை. நம் பிள்ளைகள் தை மாதம் அந்த வாசலிலேயே வலது காலை எடுத்து வைத்து, பெற்றவர்களால் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழட்டும்.

தங்கள் அன்புள்ள,
செல்லப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கண்ணகி வாங்கிப் படித்தாள். "இதுக்கு டெலஸ்கோப்பு வேற வேணுமா? அன்னிக்குக் காலையில அவுங்க வாசல்ல நின்னப்ப வெயிலு நேரா உங்க மூஞ்சிலதான அடிச்சுது? போன் தெரியலன்னு என் முந்தானைய நிழலுக்குப் புடிக்கச் சொன்னீங்களே, காலவெயிலு தெக்கேருந்தா வரும்?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னேன். போனே சொல்லுது, நீ சும்மா இருன்னீங்க. அதான் வூட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மாகிட்டப் பேசிட்டேன். கொத்தனாரும் வரல, ஒருத்தரும் வரல. தை மாசத்துக்குள்ள அவரே மறந்துடுவாரு, பெரிய மனுசன் மனசு நோகக் கூடாதுன்னு சம்பந்திதான் சொன்னாராம்" என்றாள். எனவே மேலே கண்ட எதையும் படிக்க வேண்டாம். ஆனால் கலைச்செல்வனிடம் ஒன்றே ஒன்று மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பவும். அன்றைக்கு நிஜமாகவே வெயில் அடித்ததா?