நைனா போட்ட எல்லை

எங்க நைனா தணிகாசலம் ரெண்டு எல்லைக்காகப் பாடுபட்டார். ஒன்று, ஆந்திராவில் இருந்த திருத்தணி மெட்ராஸ் மாகாணத்தோடு சேர வேண்டும். இன்னொன்று, நான் வாசற்படி தாண்டக் கூடாது.

முதல் எல்லைக்கு ஊர்வலம், கோஷம், தொண்டைக்கட்டு. ரெண்டாவதுக்கு ஒரு முறைப்பு போதும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். படிப்பு போனதில் எனக்கு வருத்தமில்லை. கணக்கு வாத்தியாருக்கும் இருந்திருக்காது. ஆனால் மைதானம் போய்விட்டதே! ஓட்டத்தில் என்னை மிஞ்ச எங்க ஊர் நகரியில் ஆள் கிடையாது. இப்போது தறிக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் ஓட்டமெல்லாம். ஒரே வருஷத்தில் பாவாடை இறுக்கியது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது.

"காலையில ஏரிக்கரை மேல ஓடிட்டு வரேன் நைனா."

"வயசுப் பொண்ணு ஓடினா ஊர் இன்னா பேசும்?"

"பசங்க ஓடறாங்களே?"

"அவன் ஓடினா எவ்ளோ தூரம்னு கேப்பாங்க. நீ ஓடினா யார் கூடன்னு கேப்பாங்க. உள்ள போ!"

அம்மா செங்கம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அம்மா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். இது எனக்குத் தெரியும். நைனாவுக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பாலையா மாமா முன்னால் நைனா முழங்கிக்கொண்டிருந்தார்.

"திருத்தணி நம்ம பக்கம் வராம வுடமாட்டேன்!"

"பேசிக்கினே இருந்தா வந்துடுமாய்யா? சாமிக்கு ஒரு காசு முடி," என்றாள் அம்மா.

"முடிஞ்சிட்டா போச்சு. திருத்தணி முருகனுக்கே..."

"முருகன் உன் கட்சிய்யா. அவரைக் கேட்டு இன்னா பிரயோஜனம்? திருப்பதி பெருமாள்தான் அந்தப் பக்கம் கீறாரு. வுடவேண்டியவரைக் கேளு."

பாலையா மாமா தொடையில் தட்டினார். "தங்கச்சி சொல்றதுதான் நியாயம்!"

நைனா மஞ்சள் துணியில் காசு முடிந்தார். "திருத்தணி வந்தா குடும்பத்தோட மலையேறி வரேன் சாமி!"

"நடந்து," என்றாள் அம்மா.

"நடந்து!" என்றார் நைனா, கோஷம் போட்ட பழக்கத்தில்.

திருத்தணி வந்தேவிட்டது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நைனாவுக்குப் பாதிச் சந்தோஷம். அந்தப் பாதியிலும் அம்மா கை வைத்தாள்.

"ஒரு குடம் தூக்கினா பொண்ணு மூச்சு வாங்கறா. ஏழு மலை எப்பிடிய்யா ஏறுவா? பழக்கணும்."

"டோலி வெச்சிக்கலாமே."

"நடந்துன்னு சொன்ன வாய் எது? பாலையா அண்ணனைக் கூப்புடவா?"

நைனா விட்டுக்கொடுத்தார். "சரி. மலையேறி இறங்கற வரைக்குந்தான். அப்புறம் வூட்டோட கிடக்கணும்."

மறுநாளிலிருந்து ஏரிக்கரை. நான் ஓட, நைனா காவல். மதகு வரைக்கும் காவல் என் பின்னால் வந்தது. அப்புறம் காவல் உட்கார்ந்துவிட்டது. ஊர் வாய் திறக்கவில்லை. சாமி காரியமாச்சே! பாலையா மாமா மகள் கங்கம்மாளுக்கும் திடீரென்று ஒரு வேண்டுதல் ஞாபகம் வந்து, அவளும் என்னோடு ஓடினாள். பாவாடை தளர்ந்தது. குடம் இலேசானது. எனக்கு ஒரே கவலை: மலை சீக்கிரம் வந்துவிடக் கூடாதே.

வந்துவிட்டது. திருப்பதி மலையடிவாரம் அலிபிரியில் ஏறத் தொடங்கியதும் நான் முன்னால், அம்மா நடுவில், நைனா எங்கேயோ. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் செங்குத்துப் படியில் அவர் உட்கார்ந்தே போனார். கடந்து போன ஒரு தெலுங்குக் கிழவி, "மெல்லகா ரா நாயனா," மெதுவா வாப்பா என்று பரிதாபப்பட்டாள்.

"முடியலமே. ஒரு டோலி..." என்றார் நைனா, திரும்பி இறங்கி வந்த அம்மாவிடம்.

"வேண்டுதலைப் பாதியில வுட்டா பெருமாள் திருத்தணியைத் திரும்ப வாங்கிக்குவாரு."

நைனா பதறி எழுந்தார். ரெண்டு கையையும் தூக்கினார். "கோவிந்தா! என்னை எப்பிடியாவது மேல சேத்துடு. வருஷா வருஷம் குடும்பத்தோட நடந்தே வரேன்!"

அம்மா மடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். நகரியிலேயே மஞ்சளில் நனைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்தது.

"இந்தாய்யா. காசு முடி."

ஊர் திரும்பிய மறுநாள். விடிந்தும் நைனா போர்த்திக்கொண்டு முனகினார். நான் போர்வையை இழுத்தேன்.

"எழுந்திரு நைனா, ஏரிக்கரைக்கு நேரமாச்சு. வயசான ஆம்பள படுத்துக்கினே இருந்தா ஊர் இன்னா பேசும்?"