நான் எங்கேயும் கிளம்பவில்லை

எங்கள் தெருவில் ஒரு பெண் காலை எட்டு மணிக்குத் தலை சீவி, நல்ல துணி உடுத்தி நின்றால் அதற்கு மூன்றே காரணங்கள்தான். பேங்குக்குப் போகிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், அல்லது புருஷனிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். வீட்டில் இருப்பதற்காகவே ஒருத்தி உடுத்துவாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே முப்பத்து மூன்று வயது வரை தோன்றவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்த நாளிலிருந்து பத்து வருஷம் நைட்டியில் வாழ்ந்தவள் நான். மொத்தம் ஒன்பது நைட்டிகள். மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டால் அதுவே வெளியே போகிற உடை. துண்டோடு மளிகைக் கடைக்குப் போயிருக்கிறேன், ரேஷன் கடையில் நின்றிருக்கிறேன், பள்ளி வேனைத் துரத்திக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறேன். (ஒருமுறை அவசரத்தில் துண்டு என்று நினைத்துக் கால்மிதியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மளிகைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.)

பீரோவில் துணி இல்லாமல் இல்லை. பட்டுச்சேலைகளும், கல் வைத்த இரண்டு சுடிதார்களும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் காத்துக் கிடந்தன. வருஷத்தில் பத்து நாள் மகாராணி, மிச்ச நாளெல்லாம் நைட்டி. இரண்டுக்கும் நடுவே உடுத்த ஒன்றுகூட இல்லை.

மகள் தர்ஷினியின் எட்டாவது பிறந்தநாளில்தான் அது உறைத்தது. கேக் வெட்டும் நேரத்தில் என் கணவர் சேகர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் தள்ளிக்க கலா, நைட்டியில இருக்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் மறுபேச்சில்லாமல் தள்ளிக்கொண்டேன். மறுநாள் படத்தைப் பார்த்தால், இடது ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு குழந்தையின் கையோடு கத்தியைப் பிடித்திருக்கிறது. கேசரி கிளறி, பலூன் ஊதி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டு கழுவி வைத்தவள் படத்தில் வெறும் கை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் அதை நைட்டிமேல் காட்டினேன்.

செல்போனில் ஒரு பெண்மணி, அளவான துணிகளை வைத்துக்கொண்டு அன்றாடம் அழகாக உடுத்துவது எப்படி என்று வகுப்பெடுத்தார். அவர் வீட்டில் வெள்ளை சோபா. அந்த வீட்டில் யாரும் குழம்பு வைப்பதில்லை போலிருக்கிறது. நான் என் வீட்டுக்கு ஏற்றபடி நோட்டில் திட்டம் போட்டேன். நாலு டாப்ஸ், மூன்று பேன்ட். எதற்கு எதைப் போட்டாலும் பொருந்த வேண்டும். எண்ணெய் தெறித்தால் தெரியாத கரும்பச்சை, மஞ்சள் பட்டால் தெரியாத கடுகு நிறம், அப்புறம் ஒரு நீலம். நாலாவது வெளிர் சாம்பல். சேகருக்குச் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் வேலை. புருவம் வரைக்கும் வெள்ளை மண்ணோடு வருகிற மனிதரைக் கட்டிக்கொண்டு கறுப்பு உடுத்த ஆசைப்படக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

பாலக்கரைப் பக்கம் இருக்கிற டெய்லரிடம் துணியைக் கொடுத்து, ஒவ்வொரு டாப்ஸிலும் இரண்டு பாக்கெட் வேண்டும் என்றேன்.

"பாக்கெட்டா? எதுக்கும்மா? வூட்டுலதான இருக்கப் போறீங்க?"

"வூட்டுல இருக்கறதாலதாண்ணே கேக்கறேன். போன கைல புடிச்சிக்கிட்டு மாவு பெசைய முடியுமா?"

அவர் யோசித்தார். "ஆம்பள பேன்ட்டு ஆழத்துக்கு வெக்கவா?"

"அதுக்கும் மேல ரெண்டு விரக்கட வைங்க."

துணி தைத்து வந்த அன்றே ஒன்பது நைட்டிகளையும் மூட்டை கட்டி, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போட்டேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நைஞ்சு போயிருக்குதும்மா" என்று ஒரு டீ வடிகட்டியை எடுத்துக் கொடுத்தார். பத்து வருஷ வாழ்க்கைக்கு ஒரு டீ வடிகட்டி. போகட்டும், இனி ஆசைப்பட்டாலும் திரும்பிப் போக வழியில்லை என்று திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியில்தான் வினையே.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நீல டாப்ஸ், வெளிர் நிறப் பேன்ட், பின்னிய தலை. சேகருக்கு இட்லி வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். இட்லியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லியே."

வழக்கமாக ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்து போனார். அவருக்குப் பசியில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் போனதும் புது வாழ்க்கைக்கு இடம் பண்ணுகிற வேகத்தில் பீரோவைக் காலி செய்தேன். பட்டுச்சேலைகளைப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடலாம் என்று எண்ணம். பெட்டியில் ஒரு வண்டித் தூசி. அதை வாசலுக்குக் கொண்டுவந்து திறந்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு ராஜேஸ்வரி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் அவர் கண்ணில் படாமல் காக்காய்கூடப் பறக்காது.

"எங்க கலா?"

"எங்கயும் இல்லக்கா. வூட்டுலதான்."

"பொட்டி இருக்குது?"

"துணியெல்லாம் எடுத்து வெக்கறேன். பத்து வருசம் இப்பிடியே இருந்தது போதுங்க்கா. பழசெல்லாம் நேத்தே தூக்கிப் போட்டுட்டேன். இனிமே எனக்குன்னு இருக்கப் போறேன்."

நான் சொன்னது நைட்டியைப் பற்றி. ஆனால் செல்போன் பெண்மணியின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் மாதிரியே வசனம் வந்தது. அக்காவின் கண் கலங்கியது. "யோசிச்சு செய்யி" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று உள்ளே போனார். என் மாற்றத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன். அவர் உள்ளே போனது கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிற என் மாமியாருக்குப் போன் போடுவதற்கு.

மாமியார் தன் மகனுக்குப் போட்டார். மகன் எடுக்கவில்லை. (மண் பிசைகிற கையோடு இருந்தாராம்.) அடுத்து ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற என் அண்ணனுக்குப் போட்டு, "ஒங்க தங்கச்சி பொட்டி கட்டுதாம், வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஏறிவந்த பஸ்ஸிலேயே மாமியாரும் நடுவழியில் ஏறினார். பஸ்ஸில் இடம் இல்லை. பஞ்சாயத்துக்குப் போகிற இரண்டு கட்சியும் ஒரே பஸ்ஸில். அண்ணன் எழுந்து மாமியாருக்கு இடம் கொடுத்துவிட்டு, விருத்தாசலம் வரை ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு இருவரும் சேர்ந்தே வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்தேன்.

"தண்ணி இருக்கட்டும். பேசி முடிச்சிட்டுக் குடிச்சிக்கறேன்" என்றார் அண்ணன்.

சம்பந்தி வீட்டில் தண்ணீரை மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அந்த யாரோ நான்தான் என்பது கேட்டைத் தள்ளிக்கொண்டு சேகர் ஓடிவந்தபோதுதான் புரிந்தது. ஒருவழியாக அம்மாவின் போனை எடுத்திருக்கிறார். முகமெல்லாம் வெள்ளை மண், அதில் வியர்வை வழிந்த கோடுகள். யாரும் எதுவும் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"தப்புதான் கலா. ஒத்துக்கறேன். ஒனக்கு எப்பிடி தெரிஞ்சிதுன்னு தெரியல."

எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அப்படி நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது.

"என்னாடா தப்பு?" என்றார் மாமியார்.

"பரோட்டா சாப்புட்டம்மா. கம்பெனி ஆளுங்களோட."

"பரோட்டா சாப்புட்டா என்னா?"

"சால்னாவோட."

"என்னா சால்னா?"

சேகர் தரையைப் பார்த்தார். "கறி."

புரட்டாசி மாதம். மாமியார் அந்த மாதத்தில் முட்டை வைத்த பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெருமாளுக்குத் தளிகை போட்டு, இலையில் மகனுக்குத் தனியாக எடுத்து வைத்து அனுப்புகிறவர்.

"எந்தக் கெழம?"

"சனிக்கெழம."

"எத்தினி சனிக்கெழம?"

"மூணு" என்றார் என் கணவர். அந்த வருஷம் புரட்டாசியில் அதுவரைக்கும் வந்ததே மூன்று சனிக்கிழமைதான்.

மாமியார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "நான் யார்கிட்டயும் கோவிச்சிக்கல. வூட்டுல போட்டுக்க நல்லதா நாலு துணி தெச்சேன். அதுல ஒன்ன போட்டிருக்கேன். அவ்ளோதான்."

ஒருவரும் நம்பவில்லை. வீட்டில் போட்டுக்கொள்ள யாராவது துணி தைப்பார்களா?

அதற்குள் கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ராஜேஸ்வரி அக்கா உள்ளே வந்து, மடிப்புக் கலையாத ஒரு புது நைட்டியை என் கையில் வைத்தார். ஆரஞ்சு நிறம், தட்டு அகலத்துக்குப் பூ.

மாமியார் தணிந்த குரலில் சொன்னார். "அவன நான் பாத்துக்கறேன். நீ இத போட்டுக்கிட்டு வாசல்ல போயி ஒரு நிமிசம் நில்லும்மா. தெரு பாத்துக்கிட்டு இருக்குது. நைட்டியில ஒன்ன பாத்துட்டாங்கன்னா எல்லாம் சரியாப் போச்சின்னு கலஞ்சிடுவாங்க."

அவர் சொன்னது சரிதான். ஒரு நிமிஷ வேலை. குடும்ப மானமும் தப்பிக்கும், கூட்டமும் கலையும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அதை மாட்டினால் அடுத்த முப்பது வருஷத்துக்கும் அதை நான் கழற்றப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அண்ணன்தான் பேசினார். "நீ சொல்லு. வர்றப்பவே மேல் ரூம காலி பண்ணி வெச்சிட்டுத்தான் வந்தேன்." நான் எதற்காக வருகிறேன் என்று கேட்காமலேயே காலி செய்திருக்கிறார்.

"ரூம் வேணாண்ணே. நான் எங்கயும் வரல" என்றேன். நைட்டியை மடிப்புக் கலையாமல் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். "அத்த, ரோட்டுல போற யாரோ பாக்கறதுக்கு மட்டும் நல்ல துணி உடுத்தணும், நாள் பூரா இருக்கற வூட்டுல கந்தையோட இருக்கணுமா? என் வூடு, எனக்கு ஒரு எடம் இல்லியா? கோவம் வந்தா நானே சொல்றேன். அதுக்கு டிரெஸ்ஸ பாக்காதீங்க, என் வாய பாருங்க."

(அன்றைக்குப் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாபஸ் வாங்குவதாக இல்லை.)

அண்ணன் சொம்பை எடுத்துத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

புளிக்குழம்பில் தண்ணீர் விட்டு நீட்டி, அப்பளம் பொரித்து, அத்தனை பேருக்கும் அந்த நீல டாப்ஸோடேயே பரிமாறினேன். சாப்பாட்டுக்குப் பின் மாமியார் மாத்திரையைக் காணோம் என்று தேடினார். வலது பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை இடது பாக்கெட்டிலிருந்து கொடுத்தேன். வந்த படபடப்பில் இரண்டையும் வாசல்படியில் வைத்துவிட்டிருந்தார். அவர் பாக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னம் எவ்ளோ கொள்ளும் அதுல?" என்றார்.

நாலு மணிக்குத் தர்ஷினியை அழைக்க வேன் நிற்கிற இடம் வரை அதே உடையில் நடந்தேன். மேலே துண்டு இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருமுறை கால் தடுக்கியது என்பது உண்மை. ஆனால் குனிந்த தலையோடு நடக்கவில்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றுவரை நான் புதிதாக ஏதாவது உடுத்திக்கொண்டு வந்தால் சேகர் முகம் வெளுத்து, கேட்காமலே ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்கிறார். கடுகு நிறத்துக்கு, என் ஸ்கூட்டியைச் சுவரில் இடித்தது யார் என்று தெரிந்தது. கரும்பச்சைக்கு இரண்டு உண்மைகள். டெய்லர் அந்த மாடலுக்குக் 'கோவ டிரெஸ்ஸு' என்று பேர் வைத்து, இரண்டு பாக்கெட்டோடு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறார்.

போன மாதம் ஒரு காலை. எதிர் வீட்டு அண்ணன், அதாவது ராஜேஸ்வரி அக்காவின் வீட்டுக்காரர், பனியனோடு எங்கள் கேட்டுக்கு ஓடிவந்தார்.

"கலா, எங்க வூட்டம்மா காலையிலியே பளிச்சுன்னு டாப்ஸு போட்டுக்கிட்டு நிக்கிது. கேட்டா எங்கயும் இல்லன்னு சொல்லுது. ஒங்கிட்ட எதனா சொல்லிச்சா?"

எதிர் வாசலைப் பார்த்தேன். அக்கா மெரூன் நிறத்தில், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒன்னும் சொல்லலண்ணே" என்றேன். "எதுக்கும் நீங்க போயி, என்ன தப்பு பண்ணீங்கன்னு யோசிச்சு வைங்க."