தவில்காரர் மடியிலிருந்து எடுத்த படம்

சிதம்பரத்தில் சிரித்த முகத்தோடு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. காரணம், கீழ வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த உம்மணா. உம்மணாமூஞ்சி என்பதன் சுருக்கம் அது. அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகப் பேச்சு. கேமராவைத் தூக்கினால் ‘வாய மூடு’ என்பார். அவர் எடுத்த படத்தில் ஒரு வயதுக் குழந்தைகூட ஓய்வு பெற்ற நீதிபதி மாதிரி இருக்கும்.

என் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான். ஆல்பத்தைப் பார்த்த உறவினர்கள் துக்கம் விசாரிக்காததுதான் குறை. தாலி கட்டுகிற மாப்பிள்ளை, போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர் போல இருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. 2009இல் மகள் அங்கே போய்க் குடியிருப்பு அனுமதி கேட்டாள். அவள் கொண்டுபோன உம்மணாவின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டார்களாம். அங்கேயும் சிரிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். வினை கல்யாண ஆல்பத்தில் இருந்தது. ஒரு பல்கூடத் தெரியாத அந்த ஆல்பத்தைப் புரட்டிய அதிகாரி அம்மாளுக்கு, இது அனுமதிக்காகச் செய்த பொய்க் கல்யாணமோ என்று சந்தேகம். வேறு சான்று தராவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று மகள் போனில் அழுதாள்.

அப்போதுதான் மண்டபத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. எல்லோரையும் படத்துக்குள் அடக்க, ‘வாய மூடு, வாய மூடு’ என்று பின்னாலேயே நகர்ந்த உம்மணா, மேடை முடிந்தது தெரியாமல் தவில்காரர் மடியில் போய் உட்கார்ந்தார். விழும்போது கேமரா தானாக ஒரு படம் எடுத்துக்கொண்டது.

ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

“அது படமே இல்லக்கா. கோணலா இருக்கு. எல்லாரும் பல்ல காட்டிக்கினு நிக்கிறீங்க.”

“அந்தப் பல்லுதான் வேணும். இல்லன்னா எம் பொண்ண திருப்பி அனுப்பிடுவாங்க.”

உம்மணா தேடி எடுத்து, பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து அவரே அனுப்பிவைத்தார்.

“எம் மானம் போனா போவுது, பாப்பா அங்கயே இருக்கட்டும். ஸ்டுடியோ பேர மட்டும் சொல்லிடாதீங்க.”

அந்தப் படத்தில் மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஓரத்தில் உம்மணாவின் கால் கட்டைவிரல். அதிகாரி அம்மாள் அந்த விரலைக் காட்டி இது யாருடையது என்று கேட்க, மகள் கதையைச் சொல்ல, அந்த அறையே சிரித்ததாம். அனுமதி கிடைத்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்துப் பேரனைப் பார்க்க நானும் கிளம்பினேன். விசாவுக்குப் படம் எடுக்க உம்மணா முன்னால் உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அன்று ஒருநாள் மட்டும் அவர் ‘வாய மூடு’ என்று சொல்லவில்லை. கேமராவை இறக்கி வைத்துவிட்டு, நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.