மேல்வீட்டுக்காரரோடு ஜெர்மன் மட்டும்

அன்புள்ள என் வாலுவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் தண்ணீர் மோட்டாரும் பெரிய ரிப்பேர் ஏதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் அந்த உயரமான பையனும், அவரைப் பெற்றவர்களும் அதேபோல் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு "சாப்பிட்டியாடி" என்று ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் என் முறை வராது. அதனால்தான் கடிதம்.

கல்யாணத் தேதியைச் சொன்ன கையோடு நீ ஒரு உத்தரவும் போட்டாய். "பையன் வீட்டுல யாருக்கும் ஜெர்மனைத் தவிர வேற பாஷை தெரியாதுப்பா, நீயும் மாமாவும் நாலு வார்த்தையாவது கத்துக்கிட்டு வாங்க. அதைவிட முக்கியம், நீங்க ரெண்டு பேரும் பேசணும். ஆளுக்கொரு மூலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரப் போறீங்கன்னா யாருமே வர வேணாம். நாங்க ரெண்டு பேர் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு போட்டோ அனுப்பறோம்" என்றாய். சொன்னதைச் செய்கிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும், என் ரத்தம்தானே. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பெற்றது ஒன்றே ஒன்று, அதன் கல்யாணத்தையும் போட்டோவில் பார்ப்பதா?

உன் மாமாவுக்கும் எனக்கும் பேச்சு நின்ற கதையை நீ அம்மா வாயால்தான் கேட்டிருப்பாய். அவள் அண்ணன் கட்சி. என் தரப்பையும் ஒரு தடவை கேள். நான் காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மேலே போவதும் கீழே வருவதும் எனக்குத் தெரியும், பக்கவாட்டில் திரும்புவது பழக்கமில்லை. ரிட்டயர் ஆன பிறகு கார் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே கற்றுக்கொடுத்த மனுஷன் மேல்வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். கேட்டது தப்பு. இரண்டாம் நாளே நம் வீட்டு கேட் கீழே கிடந்தது. அதற்கு உன் மாமா தெருவே கூடி நிற்கும்போது, "மாப்ள, நீங்க லிஃப்டோட நிறுத்திக்குங்க, அதுதான் தானாப் போகும், தானா நிக்கும்" என்றார். எனக்கு எப்படி இருக்கும்? "ஸ்கூல் வண்டியில உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குல்ல மச்சான், அதை எதுக்கு வெச்சிருக்கீங்க, அழகுக்கா?" என்று நானும் கேட்டுவிட்டேன். ஒரு டிரைவிங் மாஸ்டரைப் பார்த்து அதைக் கேட்கக் கூடாதாம். போயிற்று. அன்றிலிருந்து மேலே இருந்து கீழே வரும் சேதியும் கீழே இருந்து மேலே போகும் சேதியும் உன் அம்மா வழியாகத்தான். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அவள் கத்தாத நாள் கிடையாது.

நீ சொன்னாயே என்று ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் நடக்கிறது. கீழே ஒருத்தர் வாயைத் திறந்து "ஆ" என்பார், மேலே நாங்களும் வாயைத் திறந்து "ஆ" என்போம். ஒரே வித்தியாசம், அவருக்கு மரத்துப்போக ஊசி போடுவார்கள். நான் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள், கதவைத் திறந்துகொண்டு யார் வருகிறார் என்று நினைக்கிறாய்? உன் மாமாதான், புதுச் சட்டை, புது பேனா, தலையில் எண்ணெய் வழிய. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகள், ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு கிழங்கள். டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும், ஆனால் அவள் முறைத்தால் நானே எழுந்து நின்றுவிடுகிறேன். "சார், பக்கத்துல இருக்கறவரைப் பார்த்து எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க" என்றாள். "டீச்சர், நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல" என்றேன். "தமிழ்ல பேசினாத்தான் சார் இங்க தப்பு. ஜெர்மன்ல தாராளமா பேசுங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. எங்களுக்குள் பேச்சு நின்றபோது என்ன பாஷை? தமிழ். ஜெர்மனுக்கும் எங்கள் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? திரும்பி, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பட்டனைப் பார்த்து, "வீ கேட் எஸ் ஈனன்?" என்று கேட்டேன். "டாங்க, கூட். உண்ட் ஈனன்?" என்றார், அதாவது நல்லா இருக்கேன், நீங்க? பேச்சு நின்ற பிறகு என்னை அவர் நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டது அதுதான் முதல் தடவை. புத்தகத்தில் இருப்பதைத்தான் படித்தார், தெரியும். இருந்தாலும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு கூத்து. நான் எழுந்து சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் "தொம்" என்று ஒரு சத்தம் கேட்டது. பெருச்சாளியோ என்று குனிந்து பார்த்தால் உன் மாமாவின் வலது கால். நான் உச்சரிப்பில் தப்பான பக்கம் போகும்போது அந்தக் கால் தானாகப் பிரேக் போடுகிறது! அவருக்கே தெரிவதில்லை, பழக்கதோஷம். நான் என்ன செய்தேன் தெரியுமா, தொம் கேட்டால் நிறுத்திவிட்டு வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பேன், கால் சும்மா இருந்தால் மேலே போவேன். "சார், நீங்க எவ்வளவு வேகமா முன்னேறிட்டீங்க" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தன்னிடம் படித்தவன் லைசென்ஸ் வாங்கின மாதிரி ஒரு பெருமை.

வீட்டிலும் பேசிப் பழகச் சொன்னாள் டீச்சர். அதனால் காலையில் அவர் படியிறங்கும்போது வணக்கமாக ஒரு "கூட்டன் மார்கன்", பதிலுக்கு நான் ஒரு "கூட்டன் மார்கன்". ஒருநாள் அவர் பூந்தொட்டிக்கு ஊற்றின தண்ணீரெல்லாம் என் துவைத்த சட்டை மேல். எனக்கு வந்ததே கோபம்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். கேட்க வார்த்தை வேண்டாமா? சட்டை தெரியும், தண்ணீர் தெரியும், ஜில்லென்று இருப்பதற்கும் வார்த்தை தெரியும், திட்டுவதற்கு இன்னும் பாடம் வரவில்லை. "ஹெம்ட்! வாஸர்! கால்ட்!" என்று கத்தினேன். அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்து, நன்றாக யோசித்து, "யா. வெட்டர், நிஷ்ட் கூட்" என்றார். வானிலை சரியில்லையாம்! கொளுத்துகிற வெயிலில்! அதற்குமேல் என்னத்தைச் சண்டை போடுவது, திரும்பி இறங்கி வந்து சிரிப்பை அடக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். "தமிழ்ல பேசிக் கிழிச்சதுக்கு இதுவே தேவலை" என்கிறாள் உன் அம்மா. தபால் வேலை போனதில் ஆளே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

மன்னிப்புக் கேட்கிற பாடம் வந்தபோதுதான் சிக்கல். பஸ்ஸில் ஒருத்தர் இன்னொருத்தர் காலை மிதித்துவிடுகிறார். மிதித்தவர் "என்ட்ஷுல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்க வேண்டும், மிதிபட்டவர் "கைன் ப்ராப்ளேம்", பரவாயில்லை, என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பாடம். நான் மிதிபட்டவனாகத்தான் இருப்பேன் என்றேன். அவரும் மிதிபட்டவராகத்தான் இருப்பாராம். நர்ஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறதுகள். டீச்சருக்குப் பொறுமை போய், "ரெண்டு பேருமே மிதிச்சிருக்கீங்க, ரெண்டு பேரும் கேளுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதற்கு மேல் அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. எழுந்து நின்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "என்ட்ஷுல்டிகுங்" என்றோம். நான் அவர் பட்டனைப் பார்த்துச் சொன்னேன், அவர் என் பட்டனைப் பார்த்துச் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள், எனக்குத்தான் அந்தப் பதில் வராதது ஏதோ கணக்கில் விட்டுப்போன மாதிரி நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியாகப் பரீட்சை. பேசிக்காட்டுவதற்கு ஜோடியாகக் கூப்பிட்டார்கள். எதிரே இரண்டு பேர் பேனாவோடு. உன் மாமா ஆயுள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களை மிரட்டினவர், தானே ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அப்படியே உறைந்துபோனார். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்கிறார்கள், வாயே திறக்கவில்லை. இவர் பாஸாகாவிட்டால் "உங்கப்பா மட்டும் போகட்டும்" என்று வீம்புக்கு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பக்கென்றது. அவர் இல்லாமல் உன் கல்யாணத்தில் நான் யாரோடு நிற்பேன்? மேஜைக்கு அடியில் காலை நீட்டி, ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிற மாதிரி அவர் கால் மேல் ஒரு மிதி மிதித்தேன். பதறிப்போய்த் துள்ளினார். என் வாயில் தானாக "என்ட்ஷுல்டிகுங்" வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பட்டனை இல்லை, முகத்தை. "கைன் ப்ராப்ளேம்" என்றார். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. தன் வயசு, தொழில், தங்கச்சி, தங்கச்சி மகள் கல்யாணம் என்று நிறுத்தாமல் ஓட்டினார், போதும் போதும் என்று அவர்கள்தான் பிரேக் போட வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பாஸ்.

ஆகவே மகளே, நீ சொன்னபடி நாங்கள் பேசிவிட்டோம். எந்தப் பாஷையில் என்று நீ சொல்லவில்லை, அது உன் தப்பு. தமிழில் பேசுவதாக எனக்கு உத்தேசம் இல்லை, ஆம்பிளைக்கு ஒரு வார்த்தைதான். விருந்து மேஜையில் பக்கத்தில் உட்காரச் சம்மதம், ஜெர்மனில் மட்டும். தங்குவதற்கு எனக்கும் அவருக்கும் தனித்தனி அறையாகப் போடு, நடுவில் நாலு அறை இருந்தால் நல்லது. இது என் முடிவான முடிவு.

நீங்கள் இருவரும் மனமொத்து, கோபம் வந்தாலும் திட்ட வார்த்தை கிடைக்காமல், நெடுநாள் நன்றாக வாழ வேண்டும். சம்பந்தி வீட்டாருக்கு என் கூட்டன் டாக்.

இப்படிக்கு,
உன் அப்பா (கீழ்வீடு)

பி.கு.: இதை மடிக்கப் போகும்போது உன் மாமா ஷேவிங் பிரஷ் கேட்க இறங்கி வந்தார். வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிப் பக்கத்தை முழுக்கப் படித்திருக்கிறார். திடீரென்று தொம் என்று ஒரு சத்தம். "எந்த வரியில மச்சான்?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன், வாலு. "தனித்தனி அறைங்கற வரியில மாப்ள" என்றார். அவரும் தமிழில். உன் அம்மா அடுப்படியில் நின்று அழுகிறாள். ஒரே அறையாகப் போட்டுவிடு. கட்டில் மட்டும் தள்ளித் தள்ளி இருக்கட்டும், தூக்கத்திலும் அவர் பிரேக் போடுவார் என்று மேலே இருந்து உன் அத்தை சொல்லிவிட்டிருக்கிறாள்.