கோச் வீட்டுப் புல்லில் ஒரு பலகை

சனிக்கிழமை காலை செய்தித்தாள் எடுக்க வெளியே வந்த வெர்லன் கோசிக், புல்வெளியில் நட்டிருந்த பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். 'வீடு விற்பனைக்கு'.

கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பந்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்த அமெரிக்காவின் நெப்ராஸ்கா அது. பள்ளி அணி தோற்றால் கோச் வீட்டு வாசலில் இப்படிப் பலகை நட்டு, மூட்டையைக் கட்டச் சொல்வது அந்தப் பக்கத்து மரியாதை. கோச் கோசிக்கின் அணிப் பையன்கள் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றிருந்தார்கள்.

மற்றபடி, யாரையும் விட்டுவைக்காத இந்தத் தெருவே அவரைக் குறை சொல்லத் திணறும். கல்லூரியில் ஆடியபோது முழங்கால் போயிற்று. அந்தக் காலோடு இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை ஓடவைக்கிறார். பரீட்சையில் தவறியவனை ஆடவிடமாட்டார். தேறும்வரை கூடவே உட்கார்ந்து பாடமும் சொல்லித்தருவார். பக்கத்து வீட்டு மிசஸ் ஸ்ட்ராண்ட் மகள் வீட்டுக்குக் குடிபோன பிறகு, நடுவில் வேலியில்லாத அந்த வீட்டுப் புல்லையும் தன் புல்லோடு சேர்த்து வெட்டுகிறவர் அவர்தான்.

"வீட்டுத் தரகர் பெவர்லியோட பலகை. அவ தம்பி மகனை ஆடவிடாம பெஞ்சில உட்கார வச்சேன்ல, அதான்!" என்றார் கோசிக்.

"போன் பண்ணிக் கேளேன்" என்றாள் மனைவி ஜானெல்.

"கேட்டா பயந்துட்டேன்னு ஆயிடும்."

பிடுங்கி கராஜில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று முளைத்தது. அதையும் பிடுங்கினார். திங்களன்று இரும்புக் காலோடு ஆளுயரப் பலகை. கடப்பாரை போட்டு நெம்பியதில் பழைய முழங்கால் மளுக்கென்றது. வெளியூர்க் கார்கள் வேறு வாசலில் வேகம் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"வேடிக்கை பார்க்க ஆள் கூட்டிட்டு வர்றாங்க!"

செவ்வாயன்று நொண்டிக்கொண்டே காபிக் கடைக்குப் போய் முழங்கினார். "என்னைத் துரத்தணும்னா நேர்ல சொல்லுங்கய்யா!"

முடிவெட்டுகிற எல்டன் வாயில் வைத்த பன்னோடு திகைத்தார். "துரத்தறதா? யாரு? ஏன் கோச், எங்கயாவது போறீங்களா?"

கோச் தலை மறைந்ததும் கடை முழுக்க அதே பேச்சு. "பாரேன், எப்படி நொண்டறாரு! முடியாமத்தான் விலகறாரு, பாவம்." சாயங்காலத்துக்குள் பிரிவு விருந்துக்கு யார் என்ன சமைத்து வருவது என்று பட்டியலே ஒட்டியாயிற்று. புது கோச் தேட வியாழக்கிழமை பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறதாம்.

"இருபத்திரண்டு வருஷம், ஜானெல்" என்றார் கோசிக். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனார்.

புதன் காலை ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு புதருக்குப் பின்னால் பதுங்கினார். புதிய பலகையும் சுத்தியலுமாகக் காரிலிருந்து இறங்கினாள் பெவர்லி.

"மாட்டினியா! இந்தா கடிதம். நானே போறேன், போதுமா?"

பெவர்லி படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கோச், நீங்க புல்லு வெட்டினா அது உங்க இடமாயிடுமா? விக்கிறது மிசஸ் ஸ்ட்ராண்ட் வீட்டை. பிள்ளை உங்ககிட்டதான் ஆடணும்னு மூணு குடும்பம் அதுக்கு அடிச்சுக்குது. நீங்க பலகையைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடறதால, வீடு எதுன்னு தெரியாம தெருவையே சுத்திட்டுப் போறாங்க!"