ஒன்பதரை கிலோ ஃபிளாஞ்ச்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஆட்களை ஏமாற்ற முயன்றிருக்கிறேன். அதற்கு வேண்டிய சாமர்த்தியம் எனக்குக் கிடையாது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோனது.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தும் கோடும் அச்சு மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். (எல்லோரும் என்றால் நானும் கொரட்டூர் வீட்டில் என் அம்மாவும்.) அப்போதுதான் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அதற்கு ஏசி அறை, திரைச்சீலை, நெற்றியில் சந்தனம் குங்குமம், வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. எனக்குக்கூட இல்லாத மரியாதை. அதை இயக்கக் கற்றுக்கொள்ள, டிபன் கடை மாடியில் நடந்த ஒரு வகுப்புக்கு என்னை மூன்று மாதம் அனுப்பினார்.

தட்டையான படம் போடுவதில் நான்தான் வகுப்பில் முதல். கடைசி வாரம்தான் திடப்பொருள் ஆரம்பித்தது. அதாவது உருளை, பெட்டி எல்லாவற்றையும் வெறும் கோடாக இல்லாமல், உள்ளே நிறைந்த இரும்புக் கட்டியாகவே கம்ப்யூட்டரில் உருவாக்குவது. ஒரு கட்டியிலிருந்து இன்னொரு கட்டியைக் கழித்துத் துளை போடும் பாடம் நடந்த அன்று நான் திருவேற்காட்டில் பால்குடம் எடுத்துக்கொண்டிருந்தேன். (கம்ப்யூட்டர் நன்றாக வர வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.) மறுநாள் யாரையாவது கேட்டிருக்கலாம். வகுப்பில் முதல் ஆள் போய்க் கேட்பதாவது என்று இருந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "புதன்கிழமை பெரிய கம்பெனியிலேர்ந்து இன்ஜினியர் வர்றார்மா. நம்ம ஃபிளாஞ்சைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டு. பிடிச்சா டிராயிங் வேலை மொத்தமும் நமக்குத்தான். பிடிக்கலைன்னா இதை வித்துடறேன். நீ பேக்கிங் பக்கம் போயிடு."

பேக்கிங் என்றால் நாள் முழுக்க இரும்புக்கு கிரீஸ் தடவிக் காகிதம் சுற்றுவது. மூன்று வருஷம் டிப்ளமோ படித்தது இதற்கா என்று அழுகையே வந்தது.

ஃபிளாஞ்ச் ஒன்றும் பிரமாதமில்லை. பம்பையும் குழாயையும் இணைக்கும் கனமான ஒரு இரும்பு வட்டு. நடுவில் பெரிய துளை ஒன்று, சுற்றிலும் அடிவரை போகாத ஆறு போல்ட் துளைகள். வட்டு சுலபமாக வந்துவிட்டது. துளைதான் எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு ஞானம் பிறந்தது. துளை என்பது கருப்பாகத் தெரியும் ஒரு வட்டம், அவ்வளவுதானே? டிராயிங்கில் இருந்த விட்டம், ஆழம் எதையும் பிசகாமல் ஏழு உருளைகள் செய்து, இடத்தில் செருகி, கருப்பு நிறம் கொடுத்தேன். திரையும் கருப்பு என்பதால் அச்சு அசல் துளை. முதலாளியே குனிந்து எட்டிப் பார்த்தார்.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தார், ஷூவைக் கழற்றினார், பார்த்தார், "நல்லா வந்திருக்கே" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"எடை என்ன காட்டுது?" என்று அவரே ஏதோ தட்டினார். கம்ப்யூட்டர் யோசித்து, ஒன்பதரை கிலோ என்றது.

நிஜ ஃபிளாஞ்சையும் தராசையும் கொண்டுவரச் சொன்னார். டிரில்லிங் மெஷின் துலுக்காணம் அண்ணன் செருப்பை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். தராசு ஏழு கிலோ எண்ணூறு காட்டியது.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். பிறகு நடுத் துளையைச் சுட்டியால் பிடித்து இழுத்தார். ஜென்மத்துக்கும் நகரக் கூடாத துளை, பாட்டில் தக்கை மாதிரிக் கழன்று ஓரமாகப் போய் நின்றது. அது இருந்த இடத்தில் இரும்பு முழுசாக இருந்தது.

"இன்னா தங்கச்சி," என்றார் துலுக்காணம் அண்ணன், "ஓட்ட போடாம பெயிண்ட் அட்ச்சி வெச்சிகிறே?"

முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி போவதற்கு மானமும் இல்லை என்று ஆனபிறகு ஒரு தைரியம் வருமே, அது வந்தது. "கழிக்கிற பாடத்தன்னிக்கு நான் லீவு சார். எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உருளை ஏழும் ரெடியாத்தானே இருக்கு? வட்டைக் காட்டு, அதுங்களைக் காட்டு, கழின்னு சொல்லு. வேலை முடிஞ்சது."

தக்கையை இடத்தில் வைத்துவிட்டுக் கழித்தேன். ஏழும் மறைந்தன, ஏழு நிஜத் துளைகள் விழுந்தன. எடை ஏழரை கிலோ.

"இன்னும் முன்னூறு கிராம் உதைக்குதே," என்றார் முதலாளி சுவரிடமே.

என் கணக்கு தப்பென்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூசியது பொய்தான், ஆனால் போட்ட அளவு ஒவ்வொன்றும் சத்தியம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நிஜ ஃபிளாஞ்சின் போல்ட் துளைக்குள் விட்டு, நகத்தால் பிடித்து, ஸ்கேலில் வைத்து அளந்தேன். இருபது மில்லிமீட்டர். டிராயிங்கில் நாற்பது. ஆறு துளையும் அப்படியே.

"அண்ணே, ஆழம் எவ்வளவு வெச்சீங்க?"

துலுக்காணம் அண்ணன் டிராயிங்கை வாங்கிப் பார்த்தார். "டயா இருவதுன்னு போட்டுகீது. ஆழமும் அத்தான்னு நெனச்சிகினேன்," என்றார் மெதுவாக. (டயா என்றால் விட்டம்.)

வெளியே அதே ஃபிளாஞ்ச் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி வெறுங்காலோடு ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்ஜினியர் ஷூவை மாட்டிக்கொண்டே, "டிராயிங்கெல்லாம் இங்கேயே அனுப்பறேன்," என்றார். "இந்தப் பொண்ணு போடட்டும். லீவு மட்டும் குடுக்காதீங்க."

பேக்கிங் பக்கம் நான் போகவே இல்லை. நாலு வருஷத்தில் அந்த ஏசி அறையில் எனக்குக் கீழே மூன்று பேர்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் கணவரிடம் சொன்னது என் தப்பு. இன்றும் மெதுவடையில் துளை சரியாக விழாவிட்டால், "கொஞ்சம் மை பூசிக் குடேன்," என்பார். பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அன்றைக்கு லாரியிலிருந்து எத்தனை பெட்டி இறங்கியது என்று கேட்பேன்.

"இருபத்திரண்டு," என்பார், வடையைப் பார்த்துக்கொண்டே.