ஏழாம் சேனலின் கறுப்புக் கட்டங்கள்

கொல்லயில்,
12-3-1996

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை அனில்குமார் அவர்களுக்கு மாமனார் முத்துக்குமாரசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சுகம். உங்கள் சுகமும் மகள் ஆனந்தலட்சுமியின் சுகமும் அறிய ஆவல். தென்னையில் வண்டு விழுந்தது தவிர வேறு குறை இல்லை என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

எல்லாம் போன லீவில் நீங்கள் விட்டுப்போன ஸ்கேனர் ரேடியோவால் வந்தது. யார் எங்கே வயர்லெஸ்ஸில் பேசினாலும் அது தானாகத் தேடிப் போய் நின்று கேட்க வைக்கிறது. புள்ளிவிவர இலாகாவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் கையில் அதைக் கொடுத்தால் சும்மா இருப்பானா. எந்தச் சேனலில் எத்தனை மணிக்குப் பேச்சு என்று நோட்டில் குறித்தேன், பிறகு சேனலுக்கு ஒரு கிராப் தாள் எடுத்து, குறுக்கே காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணி, கீழ்நோக்கி நாட்கள், பேச்சு கேட்ட நேரத்துக்கெல்லாம் ஒரு கட்டத்தை மையால் அடைத்தேன். நாற்பது நாளில் ஊரின் நடமாட்டமே சுவரில் தெரிந்தது. லாரி ஆபீஸ்காரர்களுக்கு ஒரு மணியிலிருந்து இரண்டு வரை வெள்ளை, அது சோறு. மீன்பிடி போட்டுக்காரர்களுக்கு ஞாயிறு முழுக்க வெள்ளை, அது பள்ளியில் பூசை.

நான் வெளியே போனால் உங்கள் மாமியார் கேட்டுக் குறிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முகம் சுளித்துக்கொண்டே குறித்தாள். ஏழாம் சேனல் தாளை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நான் வீட்டில் இருந்த நேரமெல்லாம் வெள்ளை. வெளியே போன நேரம் மட்டும் கறுப்பு.

"உமையு, ஏழில யாரு பேசுகா?"

"ஒரு ஆணாக்கும். நீங்க எங்க நிக்கியன்னு சொல்லுகான்."

"என்னையா?"

"பேரு சொல்லல்ல. ஆள் கேட்டைத் தாண்டியாச்சு, ஆள் ஈசாக்குக்க சாயக்கடையில ஏறியாச்சுன்னு சொல்லுகான். எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். '10.20. ஈசாக் கடை. ரெண்டு பழம்பொரி.' மாப்பிள்ளை, எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது உங்களுக்குத் தெரியும். மாவில் முக்கிப் பொரித்த அந்த இரண்டு நேந்திரம்பழத் துண்டும் எனக்கும் ஈசாக்குக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நாலு நாள் படி இறங்கவில்லை. சனிக்கிழமை, பரீட்சித்துப் பார்ப்போம் என்று யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊர் செங்கல் வரைக்கும் நடந்து, ஆனந்தபாயின் தையல் கடை வாசலில் கொஞ்சம் நின்றேன். திரும்பும்போது வயல் வரப்பில் செருப்பு வார் அறுந்துபோய், வீடு சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. நோட்டில் '4.10. செங்கல், தையல் கடை' என்று இருந்தது. அதற்குக் கீழே, '4.35. ஆள் வீட்டுக்குள்ளே ஏறியாச்சு.'

"நான் இப்பத்தானே வாறேன்" என்றேன். அவள் நோட்டை வாங்கி வாசித்தாள். போய் அடுக்களைக் கதவைத் தாழ் போட்டாள். அன்றிலிருந்து ரேடியோவைத் தொடவும் விடுவதில்லை.

மனுஷனைப் பார்க்கிற ரேடியோ என்று அங்கே ஏதாவது விற்கிறார்களா? போனில் கேட்கவும் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வந்து இதை எடுத்துப் போங்கள். பிள்ளைகள் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க மகேஸ்வரத்தப்பனை வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
முத்துக்குமாரசாமி

பி.கு.: மக்களே, கவர் ஒட்டுவதற்கு முன்னே மாமி எழுதுகேன். ஏழில் ஒருத்தனும் பேசினதில்லை. நான் சொன்னால் பலகாரத்தை விடமாட்டார், ரேடியோ சொன்னால் விடுவார் என்று நானே எழுதினது. அவர் கடைப் பக்கம் வந்தால் ஈசாக்கும் ஆனந்தபாயும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவார்கள். 4.10 வரைக்கும் என் எழுத்து. அந்தக் கடைசி வரி என்னுடையது இல்லை, பார்த்தால் அவர் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அன்று நாலரை தாண்டி முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. "வந்தாச்சா" என்றேன். "உம்" என்று பதில் வந்தது. அடுப்பில் பால் இருந்ததால் முகம் பார்க்காமல் காப்பியை முன்னறை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் ஐந்து மணி தாண்டி வரும்போது டம்ளர் காலி. இதை அவரிடம் சொல்லவில்லை.